குறிஞ்சி அரியது, சிட்டுக்குருவி சாதாரணம்: இந்தப் பிரிப்பு சரிதானா?

அந்திமந்தாரை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பிள்ளைகளுக்காக ஒரு சின்னப் படக்காட்சி வைக்கிறோம். அதில் இரண்டு பலகைகள் என் பொறுப்பு, ஒன்றில் நீலக்குறிஞ்சி, பக்கத்திலேயே இன்னொன்றில் சிட்டுக்குருவி. அரிய பூச்செடி ஒன்று, எங்கும் இருக்கும் பறவை ஒன்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பிள்ளைகளுக்கு வித்தியாசம் பளிச்சென்று தெரியும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். வாழும் இடம், ஆயுள், இனப்பெருக்கம், எதிரிகள் என்று வரிசையாகக் கட்டம் போட்டேன். எல்லாம் சரியாகத்தான் போனது, "அரியது / சாதாரணம்" என்ற கட்டத்துக்கு வரும் வரைக்கும்.

அங்கேதான் கை நின்றுவிட்டது. 2018இல் மூணாறு பக்கம் போயிருந்தேன். ஒரு சரிவு முழுக்கப் பூ, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நீலம், காலை வைக்க இடம் இல்லாத அளவுக்குச் செடி. லட்சக்கணக்கில் இருக்கும். இதை எப்படி அரியது என்று எழுதுவது? அதே சமயம் நான் குடியிருக்கும் தெருவில் சிட்டுக்குருவியைப் பார்த்துப் பல வருடம் ஆகிறது. அதை எப்படிச் சாதாரணம் என்று எழுதுவது? நான் பார்த்ததை வைத்து எழுதினால் இரண்டையும் இடம் மாற்றித்தான் எழுத வேண்டும்.

கூட வேலை செய்யும் பெரியவர் ஒருவர், "செடியையும் பறவையையும் ஒப்பிடுவதே தப்பு, பலகையை மாற்றிவிடுங்கள்" என்கிறார். எனக்கு மனம் வரவில்லை. குறிஞ்சி உண்மையிலேயே அரியதா? குருவி உண்மையிலேயே குறைகிறதா, இல்லை எங்கள் தெருவில் மட்டும் இல்லையா? இரண்டையும் ஒரே கோலால் அளக்க முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புல்மேடு எழுதியது:

நீங்கள் தடுமாறிய இடம்தான் இதில் சரியான இடம். அந்தக் கட்டத்தை அழிக்காதீர்கள், மூன்றாக உடையுங்கள்.

1981இல் டெபோரா ராபினோவிட்ஸ் என்ற தாவரவியலாளர் ஒரு முறை சொன்னார், இன்று வரை அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம். ஓர் உயிரினம் அரியதா என்று ஒரே வார்த்தையில் கேட்காதே, மூன்று கேள்வி கேள் என்றார். எவ்வளவு பரந்த நிலப்பரப்பில் இருக்கிறது? எத்தனை வகையான இடங்களில் வாழ முடிகிறது? இருக்கும் இடத்தில் நிறைய இருக்கிறதா, ஒன்றிரண்டாக இருக்கிறதா?

குறிஞ்சிக்கு இதைப் போட்டுப் பாருங்கள். நிலப்பரப்பு சின்னது, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியையும் கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஏற்காடு பக்கத்தையும் விட்டால் உலகத்தில் வேறு எங்கும் இயற்கையாக இல்லை. அங்கேயும் உயரத்தில் இருக்கும் சோலைப் புல்வெளி மட்டும்தான், பெரும்பாலும் 1,300 மீட்டருக்கு மேலே. ஆனால் மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் தலைகீழ்: இருக்கும் இடத்தில் அடர்ந்து கிடக்கும். நீங்கள் பார்த்தது அந்த மூன்றாவது பதிலைத்தான். லட்சக்கணக்கில் இருந்தும் அரியதாக இருக்க முடியும், ஏனென்றால் அந்த லட்சமும் ஒரு சில மலைகளின் மேல்பகுதியில்தான் நிற்கிறது. அந்தப் புல்வெளிகளில் எத்தனையோ தேயிலைக்குப் போய்விட்டன, எத்தனையோ சீகை, தைலமரம், பைன் என்று நட்டு மூடப்பட்டுவிட்டன. 2024இல் ஐயுசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் சிவப்புப் பட்டியலில் நீலக்குறிஞ்சியை "அழிய வாய்ப்புள்ளவை" என்ற வகையில் சேர்த்திருக்கிறார்கள். சிட்டுக்குருவி அதே பட்டியலில் கவலை குறைந்த வகையில் இருக்கிறது.

இப்போது குருவிக்கு அதே மூன்று கேள்வி. நிலப்பரப்பு, அண்டார்க்டிகாவைத் தவிர எல்லாக் கண்டத்திலும் இருக்கிறது. எண்ணிக்கையும் பெரியது. ஆனால் இரண்டாவது கேள்வியைக் கவனியுங்கள், பலரும் இங்கேதான் தவறவிடுகிறார்கள். சிட்டுக்குருவி காட்டில் கிடையாது. மனிதன் குடியிருக்கும் இடம், அதை ஒட்டிய வயல், தானியம் சிந்தும் இடம், அவ்வளவுதான். குடி எழும்பிப் போன ஊரில் குருவியும் தங்குவதில்லை. அந்த வகையில் குறிஞ்சிக்குப் புல்வெளி எப்படியோ, குருவிக்கு நம் வீடு அப்படி. இரண்டுமே இடம் பார்க்கும் உயிர்கள். குருவி பார்க்கும் இடம் உலகம் முழுக்க இருப்பதால் அது நமக்குத் தெரிவதில்லை.

இன்னொன்று சேர்க்க வேண்டும், காலம். குறிஞ்சி 2006, 2018, அடுத்து 2030 என்று 12 ஆண்டுக்கு ஒரு முறை கூட்டமாகப் பூக்கிறது, காய்க்கிறது, விதை போட்டதும் அந்தச் செடி காய்ந்து செத்துப்போகிறது. அரிய காட்சி என்பது அந்தப் பூதான், செடி அல்ல. மற்ற 11 ஆண்டும் அங்கேயேதான் நிற்கிறது, முழங்கால் உயரத்துக்குப் பச்சைப் புதராக, யாரும் திரும்பிப் பார்க்காமல். என் மனதை மிகவும் உறுத்துவது இதுதான். பூ இல்லாத குறிஞ்சிக்கு முன்னால் நின்று "குறிஞ்சி எங்கே?" என்று கேட்கிறவர்களை நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுங்கள்: கனகாம்பரமும் ஆடாதோடையும் குறிஞ்சிக்குச் சொந்தக்காரர்கள், ஒரே குடும்பம். கனகாம்பரப் பூவைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னால் மலைக்குப் போகாமலேயே கொஞ்சம் புரியும்.

வைக்கோல்கூடு எழுதியது:

புல்மேடு அண்ணன் சொன்னதோடு குருவிப் பக்கத்தை நான் கொஞ்சம் நிரப்புகிறேன், பல வருடமாகக் கூடு பார்த்துக் குறித்துக்கொண்டு வருகிறேன்.

குறைகிறதா என்றால், இந்தியா முழுக்க எடுத்துப் பார்த்தால் எல்லோரும் பயப்படும் அளவுக்கு இல்லை. பறவை ஆர்வலர்கள் பதிந்த லட்சக்கணக்கான குறிப்புகளை வைத்து 2020இல் வந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை, கடந்த 25 ஆண்டுகளுக்கு மேலாகச் சிட்டுக்குருவி மொத்தத்தில் நிலையாகவே இருக்கிறது என்றது. ஆனால் சென்னை, பெங்களூரு, மும்பை, டெல்லி, கொல்கத்தா, ஹைதராபாத் ஆகிய ஆறு பெருநகரங்களில் குறைந்திருக்கிறது என்றும் அதே அறிக்கை சொன்னது. ஆக நீங்கள் பார்த்ததும் பொய் இல்லை, அறிக்கையும் பொய் இல்லை. நகரத்தில் இருப்பவர்கள்தான் அதிகம் எழுதுகிறோம், அதனால் நாடு முழுக்க அழிந்துவிட்டது போலப் பேச்சு பரவிவிட்டது. செல்போன் கோபுரத்தால் செத்தது என்பதற்கும் உறுதியான ஆதாரம் கிடையாது, தயவுசெய்து அதைப் பலகையில் எழுத வேண்டாம்.

நகரத்தில் ஏன் குறைகிறது என்பதற்குக் கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்தால் போதும். ஓட்டுச் சந்தில் ஒரு கூடு. சேவலுக்குத் தொண்டையில் கறுப்புத் திட்டு, பெட்டை வெறும் பழுப்பு. குஞ்சு பொரித்து நான்காவது நாள் என்று என் குறிப்பு சொல்கிறது. இரண்டும் மாறி மாறிப் போய் வருகின்றன, ஒவ்வொரு தடவையும் அலகில் என்ன என்று தொலைநோக்கியில் பார்க்கிறேன்: பச்சைப்புழு, திரும்பப் பச்சைப்புழு, சின்ன வெட்டுக்கிளி, கால் இன்னும் ஆடுகிறது, அப்புறம் என்னவென்று தெரியாத ஒரு பூச்சி. முற்றத்தில் அரிசி இறைந்து கிடக்கிறது, தாங்கள் தின்ன அதில் இறங்குகின்றன, குஞ்சுக்கு மட்டும் எடுத்துப் போகவே இல்லை. முதல் சில நாட்களுக்குக் குஞ்சுக்குப் பூச்சிதான் உயிர். நாம் அரிசி வைப்பதும் தண்ணீர் வைப்பதும் நல்லதுதான், ஆனால் பூச்சி இல்லாத தெருவில், புதரும் புல்லும் செடியும் இல்லாத தெருவில், பெரிய குருவி பிழைக்கும், குஞ்சு பிழைக்காது. கண்ணாடியும் கான்கிரீட்டும் சேர்ந்து சந்தே இல்லாத வீடு கட்டினால் கூடு வைக்கவும் இடம் இல்லை.

இப்போது ஒப்பீட்டுக்கு வருகிறேன். ஆயுள் என்ற கட்டத்தைவிட, ஒரு தவறு நடந்தால் திரும்ப எழ எவ்வளவு நாள் என்று ஒரு கட்டம் போடுங்கள். குருவி ஓர் ஈட்டுக்கு நான்கைந்து முட்டை, இரண்டு வாரத்துக்குள் பொரிக்கும், இன்னும் இரண்டு வாரத்தில் குஞ்சு பறந்துவிடும், வருடத்துக்கு இரண்டு மூன்று ஈடு. பிறந்த மறு வருடமே அதுவும் கூடு கட்டும். காகம் முட்டையைத் தூக்கிப் போனால் வருத்தம்தான், ஆனால் சில நாளிலேயே அதே சந்தில் வைக்கோல் சுமந்து வரும். குறிஞ்சிக்கு இந்த வசதி இல்லை. பத்து வருடம், பதினொரு வருடம் வளர்ந்த செடியைப் பூப்பதற்கு ஒரு மாதம் முன்னால் வெட்டினாலும் நெருப்பு வைத்தாலும் அத்தனை வருடமும் வீண், ஒரு விதைகூட மிஞ்சாது. பூத்திருக்கும்போது ஒடித்துக்கொண்டு போனாலும் அதே கதைதான், ஏனென்றால் அந்தச் செடிக்கு அடுத்த தடவை என்று ஒன்று கிடையாது.

அந்திமந்தாரை:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி, இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. பூச்சி விஷயம் எனக்கு முற்றிலும் புதுசு. நான் வாசலில் கம்புத் தானியம் வைத்துவிட்டுக் குருவி வரும் என்று காத்திருந்தேன், இனிமேல் செடி வைக்கிறேன்.

ஒரு சந்தேகம். வைக்கோல்கூடு சொல்வதைப் பார்த்தால் குருவி எப்படியும் மீண்டுவிடும், எண்ணிக்கையும் அதிகம், வேகமாகப் பெருகுகிறது. அப்படியானால் பலகையில் "பாதுகாப்பானது" என்று போட்டுவிடலாமா?

வடகாற்று எழுதியது:

வேண்டாம் அக்கா, அந்த வார்த்தையைப் போடாதீர்கள். நிறைய இருப்பது பாதுகாப்பு என்று நம்பித்தான் இரண்டு பறவைகளை நாம் கண் முன்னால் இழந்தோம், ஒன்றை முழுசாக, ஒன்றை ஏறக்குறைய.

வட அமெரிக்காவின் பயணிப்புறா. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முந்நூறு முதல் ஐந்நூறு கோடி வரை இருந்திருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். கூட்டம் கடந்து போனால் வானம் இருட்டிவிடும், கடந்து முடிக்க மணிக்கணக்கில் ஆகும். வேட்டையாலும் காடு அழிப்பாலும் அது அத்தனையும் போனது. கடைசிப் பறவையான மார்த்தா 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக்காட்சி சாலையில் செத்துப்போனது.

இதை ஏன் குறிஞ்சியோடு சேர்த்துச் சொல்கிறேன் என்றால், அந்தப் புறாவும் குறிஞ்சியும் ஒரே உபாயத்தைக் கையாண்டவை என்று தோன்றுகிறது. புறா லட்சக்கணக்கில் ஒரே காட்டில் ஒரே சமயத்தில் கூடு கட்டும், தின்ன வரும் விலங்குகள் வயிறு நிறையத் தின்ற பிறகும் மிச்சம் ஏராளமாக இருக்கும். குறிஞ்சி ஏன் 12 ஆண்டு காத்திருந்து ஒன்றாகப் பூக்கிறது என்பதற்கும் இதே விளக்கத்தைச் சொல்கிறார்கள். விதை தின்னும் பூச்சியும் எலியும் பறவையும் தின்று தீர்க்க முடியாத அளவுக்கு ஒரே வருடத்தில் கொட்டிவிட வேண்டும், மற்ற வருடங்களில் பட்டினி போட வேண்டும். கூட்டம்தான் கவசம். கூட்டம் ஓர் அளவுக்குக் கீழே போனால் கவசம் கழன்றுவிடும், மிச்சம் இருப்பது ஆயிரமோ பத்தாயிரமோ, அதை எதிரி எளிதாகத் தின்று தீர்த்துவிடும். ஆகவே ஒரு சரிவில் நான்கு புதர் மிஞ்சியிருக்கிறது, அது போதும் என்று சொல்ல முடியாது.

இன்னொன்று நம் நாட்டுப் பாறு கழுகு, வெண்முதுகுப் பாறு. 1980களில் உலகத்திலேயே எண்ணிக்கை அதிகமான பெரிய இரைக்கொல்லிப் பறவை என்று சொல்லும் அளவுக்கு இருந்தது. 1992க்கும் 2007க்கும் இடையில் 99.9 சதவீதம் போய்விட்டது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 2006இல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். தமிழ்நாட்டில் இன்று நீலகிரிக்குக் கீழே மோயாறு பள்ளத்தாக்கில் கொஞ்சம் மிஞ்சியிருக்கின்றன. மேலே மலையில் குறிஞ்சி, கீழே பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் சாதாரணமாக இருந்த பறவை. இன்று அந்த இரண்டில் எது அரியது என்று கேட்டால் கழுகு என்றுதான் சொல்ல வேண்டும்.

அதனால் குருவிக்கு "இப்போதைக்கு நிறைய இருக்கிறது" என்று எழுதுங்கள், அதுதான் உண்மை.

புல்மேடு:

வடகாற்று சொன்ன கவசம் கழலும் விஷயத்தை அப்படியே ஏற்கிறேன். ஒரு திருத்தம் மட்டும். பன்னிரண்டு ஆண்டு என்பதை எல்லா மலைக்கும் ஒரே கடிகாரம் போல எழுதிவிடாதீர்கள். மூணாறு, இரவிகுளம் பக்கம் 2018தான் பெரிய பூப்பு. ஆனால் அதே இடுக்கி மாவட்டத்தில் சாந்தன்பாறை பக்கம் 2022இல் மலை முழுக்கப் பூத்தது. ஒவ்வொரு மலைக்கூட்டத்துக்கும் தனித் தனிக் கணக்கு, நடுவில் ஒன்றிரண்டு செடி வழி தவறிப் பூப்பதும் உண்டு. தவிர குறிஞ்சி இனத்தில் பல வகை இருக்கிறது, சில ஆண்டுதோறும் பூக்கும், சிலவற்றுக்கு வேறு இடைவெளி. செய்தியில் வரும் எல்லா நீலப் பூவும் நீலக்குறிஞ்சி இல்லை.

பழவேர் எழுதியது:

தாவரமும் பறவையும் ஒப்பிடவே கூடாது என்று சொன்ன பெரியவருக்கு ஒரு செய்தி சொல்லுங்கள். குறுந்தொகையில் 46ஆம் பாட்டு சிட்டுக்குருவியைப் பூவோடுதான் ஒப்பிடுகிறது. வாடிப்போன ஆம்பல் இதழ் மாதிரி இருக்கிறது குருவியின் கூம்பிய சிறகு என்கிறார் மாமலாடனார். வாடிய ஆம்பல் இதழை ஒரு தடவை உற்றுப் பாருங்கள், பழுப்பும் சாம்பலும் கலந்து, நீளவாக்கில் மடிந்து, ஓரம் வெளிறி இருக்கும். குருவி சிறகை மடித்து உட்கார்ந்திருக்கும்போது அப்படியேதான் இருக்கும். பக்கத்தில் இருந்து பார்க்காமல் இதைச் சொல்ல முடியாது.

அந்தப் பாட்டிலேயே குருவி என்ன செய்கிறது என்றும் இருக்கிறது. முற்றத்தில் காயப்போட்ட தானியத்தைத் தின்கிறது, மன்றத்தில் எருப்புழுதியில் குடைந்து ஆடுகிறது, வீட்டுக் கூரை இடுக்கில் குஞ்சோடு தங்குகிறது. வைக்கோல்கூடு சொன்ன பட்டியலோடு சேர்த்துப் பாருங்கள், பூச்சி ஒன்றைத் தவிர குருவிக்கு வேண்டிய எல்லாம் அங்கே இருக்கிறது: தானியம், மண்புழுதி, கூரை இடுக்கு. இன்றைய நகரத் தெருவில் இந்த மூன்றும் போய்விட்டன, கூடவே குருவியும் போய்விட்டது.

குறிஞ்சி அதே நூலில் 3ஆம் பாட்டில் வருகிறது, கரிய கொம்புள்ள குறிஞ்சியின் பூவிலிருந்து தேனீ பெருந்தேன் கட்டும் மலைச்சாரல் என்று. அங்கே பூவின் நிறத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. செடியின் தண்டையும் அதிலிருந்து வரும் தேனையும்தான் சொல்கிறது. பழங்குடிகளில் பளியர்கள் தங்கள் வயதைக் குறிஞ்சி பூத்த கணக்கில் சொல்வார்கள் என்பார்கள். வருடா வருடம் பார்க்கிறவர்களுக்குத்தான் பூக்காத வருடத்துக் குறிஞ்சியும் குறிஞ்சியாகத் தெரியும்.

அந்திமந்தாரை:

பழவேர் ஐயா, அந்த ஆம்பல் இதழ் போதும் எனக்கு. பலகையை மாற்றப் போவதில்லை, கட்டத்தைத்தான் மாற்றுகிறேன். "அரியது / சாதாரணம்" என்பதை எடுத்துவிட்டு "எது இல்லாவிட்டால் போய்விடும்?" என்று போடுகிறேன். குறிஞ்சிப் பக்கம் உயரத்துப் புல்வெளி, தேனீ, தொல்லை இல்லாத பன்னிரண்டு வருடம், கூட்டமாகப் பூக்கும் அளவுக்குச் செடி. குருவிப் பக்கம் பூச்சி, சிந்திய தானியம், புழுதி, வீட்டில் ஒரு சந்து. கழுகுக்கும் ஒரு ஓரத்தில் இடம் ஒதுக்கப் போகிறேன்.

குறிஞ்சிப் பலகைக்கு இப்போது என்னிடம் இருப்பதெல்லாம் நீலமாகப் பூத்த படங்கள்தான், 2018இல் நானே இருநூறு எடுத்திருக்கிறேன், அதில் ஒன்றுகூடச் செடியைக் காட்டவில்லை. பூ இல்லாத குறிஞ்சிப் படம் யாரிடமாவது இருக்கிறதா?

புல்மேடு:

இருக்கிறது. 2019இல் எடுத்தது இரண்டு. காய்ந்து கறுத்த குச்சிகள், அதற்குக் கீழே ஈர மண்ணில் விரல் நகம் அளவுக்கு இரண்டிரண்டு இலையோடு நாற்றுகள், நெருக்கி நெருக்கி. அந்த நாற்றுகள்தான் 2030இல் பூக்க வேண்டியவை. இன்று இரவு தேடி எடுத்து அனுப்புகிறேன், அச்சுக்குப் போகும் அளவுக்குப் பெரிய கோப்பு வேண்டுமா என்று சொல்லுங்கள்.